எட்டு போடாத செயற்கைக்கோள்

கொச்சியில், சுள்ளிக்கல்லிலிருந்து தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் நடந்தே போகிற தூரம். அங்கே கட்டிக் கிடக்கும் ஆழ்கடல் படகுகளில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களின் படகுகளும் உண்டு. 2017 ஒக்கிப் புயலின்போது நடுக்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அதன் பிறகுதான் இஸ்ரோவின் இடங்காட்டிச் செயற்கைக்கோள்களான நாவிக் வழியே செய்தி வாங்கும் கருவிகள் மீனவர் கைக்கு வரத் தொடங்கின. அந்தச் செயற்கைக்கோள்களில் ஒன்று, 2014 ஏப்ரல் 4 அன்று ஏவப்பட்ட ஐஆர்என்எஸ்எஸ்-1பி. அதன் தரைத்தடத்தை, அதாவது அது எந்தெந்த ஊருக்கு நேர்மேலே போகிறது என்பதை, ஜிபிரெடிக்ட் போன்ற இலவச மென்பொருளில் வரைந்தால் திரையில் ஒல்லியான ஓர் எட்டு விழும். தலை தெற்கு ஈரானில், இடுப்பு செஷல்ஸ் பக்கம், கால் ரீயூனியன் தீவையும் தாண்டி.

ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டு போடுகிற மாதிரி அது வானத்தில் வளைந்து வளைந்து ஓடுகிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அது எட்டே போடவில்லை. கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 29 டிகிரி சாய்ந்த ஒரு சாதாரண வட்டத்தில் போகிறது. ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே சுற்ற எடுப்பதும் அதே நேரம்தான். ஆனால் இரண்டும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது செயற்கைக்கோளின் வேகத்தில் ஒரு பங்கு வடக்கே ஏறுவதில் போய்விடுகிறது. கிழக்கு நோக்கி மிஞ்சுவது பூமியின் சுழற்சியில் 87 சதவீதம்தான். அதனால் தடம் மேற்கே பின்தங்குகிறது. உச்சியில் முழு வேகமும் கிழக்கே திரும்புகிறது. தீர்க்கரேகைகளும் அங்கே ஆரஞ்சுச் சுளை போல நெருங்கிவிடுவதால் விட்ட தூரத்தைப் பிடித்து முந்துகிறது. தெற்கிலும் இதே கதை. மேலும் கீழுமாக 58 டிகிரி நீளும் அந்த எட்டு, 55 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலிருந்து பக்கத்துக்கு 4 டிகிரிகூட விலகாது. கோட்டில் பாதி நம் பூமி போட்டது.

நாவிக் செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் நிலநடுக்கோட்டுக்கு மேலேயே அசையாமல் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் கொச்சிக் கடலில் இருப்பவருக்கு அவை ஒரே கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஒற்றை வரிசையில் தெரியும். படகு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்பதைத் துல்லியமாகச் சொல்ல அந்த வரிசை போதாது. நாவிக்கில் அசையாதவையும் எட்டு வரைபவையும் கலந்திருப்பது இதனால்தான்.

மென்பொருள் காட்டுவது வெறும் கணிப்புதானே என்ற ஆட்சேபமும் நியாயமானது. செயற்கைக்கோளின் பாதையைக் குறிக்க அது பயன்படுத்தும் இரண்டு வரித் தரவில் தொடக்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிழை இருக்கலாம். நாளாக ஆக அது வளரும். ஆனால் 6,400 கிலோமீட்டர் உயரமுள்ள எட்டில் ஒரு கிலோமீட்டர் என்பது கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். படகுக் கருவியும் இந்தக் கோட்டை நம்பி ஓடுவதில்லை. தன் பாதை விவரத்தைச் செயற்கைக்கோளே ஒலிபரப்புகிறது. அதோடு மென்பொருள் வரைவது திட்டத்தை அல்ல, உண்மையான பாதையை. திட்டத்தில் எட்டு இருந்தும் திரையில் எட்டு விழாததற்கு இன்னொரு நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-02 சாட்சி. 2025 ஜனவரி 29 அன்று ஏவப்பட்ட அது 111.75 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை மையமாக வைத்து எட்டு வரைய வேண்டியது. எஞ்சினுக்கு ஆக்சிகரணி போகும் வால்வு திறக்கவில்லை; பாதையை உயர்த்த முடியாமல் நீள்வட்டத்திலேயே தங்கிவிட்டது. அதன் தடத்தை வரைந்து பார்த்தவர்களுக்கு ஓரிடத்தில் நிற்காமல் உலகம் முழுக்க அலையும் ஒரு கோடுதான் கிடைத்தது.