சீட்டுத் திருட்டுக்கு ஆள் பார்த்துத் தண்டனையா?

‘மேஜிக்’ என்ற சேகரிப்புச் சீட்டாட்டத்தின் சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். பைண்டர் உறையிலிருந்து அதை உருவ இரண்டு விரல் போதும். 2021 ஜனவரியில் ‘பிளாக் லோட்டஸ்’ சீட்டு ஒன்று இணைய ஏலத்தில் 511,100 அமெரிக்க டாலருக்குப் போனது. எல்லாச் சீட்டுக்கும் அந்த விலை இல்லைதான். ஆனாலும் போட்டிக்குத் தேறும் டெக் (ஆடுபவரின் சீட்டுக்கட்டு) ஒன்று சில நூறு ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். பெக்கோக் மாதிரிச் சிற்றூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கோ கோலாலம்பூருக்கோ போய் ஆடுகிற பையனுக்கு அது தொலைந்தால், அடுத்த பல மாதத்து ஆட்டமும் சேர்ந்து போயிற்று. மலேசியாவுக்கு இது புது விளையாட்டும் அல்ல. 2005 மேஜிக் இன்விடேஷனல் போட்டியை வென்ற டெர்ரி சோ நம் நாட்டுக்காரர். அவர் முகம் மறு ஆண்டே ஒரு சீட்டில் அச்சானது. 2008 பிப்ரவரியில் மேஜிக்கின் புரோ டூர் போட்டி கோலாலம்பூருக்கே வந்தது. இத்தனை காலமாகியும், திருடியவனை என்ன செய்வது என்பதில் மட்டும் ஆளுக்கொரு நியாயம்.

குழப்பம் விதியிலேயே தொடங்குகிறது. மேஜிக் நடுவர்களின் தண்டனைக் கையேட்டின்படி, போட்டிக்கான பொருளைத் திருடினால் தகுதிநீக்கம். மற்றப் பொருள் களவுபோனால் அது நடத்துநர் பாடு. ஒரே பையில் கைவிட்டவன் டெக்கை எடுத்தால் ஒரு வழி, கைப்பேசியை எடுத்தால் வேறு வழி! தகுதிநீக்கமும் அன்றைய போட்டியோடு சரி. நீண்ட காலத் தடை, ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்தின் தனி முடிவு. மேஜிக்கில் விழுந்த தடை போக்கிமான் சீட்டாட்ட மேஜைக்குத் தானாகத் தொடர்ந்து வருவதில்லை. சீட்டு விற்று ஆட்டமும் நடத்தும் கடை என்று வந்தால் முதலாளி வைத்ததே சட்டம். விதியை எழுதி வைக்காத கடையில், வாராவாரம் பெட்டி பெட்டியாக வாங்குகிறவருக்கு ஒரு முணுமுணுப்பும், முன்பின் தெரியாத பையனுக்கு வாட்சாப் குழுவில் புகைப்படமும் கிடைக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

நிறுவனத்தின் தடையிலும் இதே ஆள்பார்ப்புதான். 2015-இல் அமெரிக்காவில் ஒரு மேஜிக் வீரர் பெரிய போட்டியின் கடைசி எட்டுப் பேரில் வந்தார். 2004-இல் பாலியல் குற்றத்துக்காக அவர் தண்டனை பெற்றது அப்போது ஊரறிய வெளிவந்தது. நிறுவனம் தடை போட்டது. தடை சரியா தவறா என்பது இருக்கட்டும். அவர் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தால் அந்தத் தடை வந்திருக்குமா? திருட்டிலும் இதுதான் நடக்கிறது. குற்றத்தின் அளவைவிடக் கூச்சலின் அளவே தண்டனையைத் தீர்மானிக்கிறது.

“போலீசிடம் விட்டுவிடலாமே” என்பார்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஜென் கான் விளையாட்டு விழாவில் ஏறக்குறைய 300,000 டாலர் சீட்டுகள் பலகையோடு தள்ளிச் செல்லப்பட்டபோது போலீஸ் தேடியது, மீட்டது. நாற்பது ரிங்கிட் சீட்டுக்கு யார் புகார் எழுதப் போகிறார்கள்? நம் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை என்கிறது. பள்ளிப் பையனை அங்கே தள்ள மனம் வராமல்தான் பலர் பேசாமல் விடுகிறார்கள். மேஜையில் இடமில்லை என்று சொல்ல அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லையே.

திருடிய பதின்மூன்று வயதுப் பையனும் திருடிய சீட்டு வியாபாரியும் ஒன்றா என்று கேட்பதும் நியாயம். ஒன்றல்ல. ஆனால் இருவரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றாக இருக்கலாம்: முதல் தடவையா, பொருள் திரும்பியதா, மதிப்பு எவ்வளவு? 2024 ஜூலையில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இதைத்தான் செய்கிறது: மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் குற்றம், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூகச் சேவை போதும். விதி முன்கூட்டியே தெரிந்திருப்பதால் சலுகையும் சலுகையாகத் தெரிவதில்லை.

எல்லாருக்கும் ஒரே விதி என்பதற்குக் கடினமான எதிர்வாதம் சாட்சியம் பற்றியது. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 2016-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பு இரண்டு முன்னணி ஆட்டக்காரர்களை ஐந்தாண்டு தடை செய்தது. அது திருட்டல்ல, ஏமாற்று வழக்கு. ஆதாரம் போதாதென்று 2018-இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை நீக்கியது. சாட்சியம் இல்லாமல் தடை போடாதே என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021 ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் அவர்களில் ஒருவர் இத்தாலி அணியில் இறங்கியதும், மற்ற அணிகள் புள்ளி போனாலும் பரவாயில்லை என்று ஆட மறுத்தன. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத அந்தத் தண்டனைக்குக் கால அளவு கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.