பத்தொன்பது நாளில் பிறந்த இசைக்குழு

லண்டன் நகரின் பிரூக் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். 25-ஆம் எண் வீட்டில் 1723 முதல் 1759-இல் இறக்கும்வரை வாழ்ந்தவர் ஜெர்மனியில் பிறந்த இசைமேதை ஹாண்டல். 23-ஆம் எண் வீட்டின் மேல்தளத்தில் 1968-69-இல் குடியிருந்தவர் ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இருவருக்கும் தனித்தனியே நீலநிறப் பெயர்ப்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு எழுந்த கேள்வி இதுதான்: புளூஸ் இசை பிறந்த மண்ணைச் சேர்ந்தவர், அந்த இசையைக் கொண்டே பெயர் பெற எதற்காகக் கடல் கடந்து வரவேண்டியிருந்தது?

திறமைக்கு எங்கும் மதிப்புண்டு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், அமெரிக்காவில் இருந்தபோதும் அவரிடம் அதே திறமைதான் இருந்தது. 1942-இல் சியாட்டிலில் பிறந்த ஹெண்ட்ரிக்ஸ், ராணுவத்தின் பாராசூட் படைப்பிரிவில் சிறிது காலம் பணியாற்றி 1962-இல் வெளியேறினார். அதன்பின் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றோருக்குப் பின்னால் நின்று கிடார் வாசித்தார். கறுப்பின மக்கள் கூடும் அரங்குகளில் ஊர் ஊராக அலையும் வேலை அது. பக்கவாத்தியக்காரர் முன்னே நிற்கும் பாடகரைவிடப் பளிச்சென்று தெரிந்துவிடக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத விதி. அந்த விதிக்கு அடங்குகிற சுபாவம் அவருக்கு இல்லை.

இதைவிட ஆழமான தடையும் இருந்தது. அமெரிக்க வானொலியும் இசைத்தட்டு வணிகமும் நிறத்தின் அடிப்படையில் பிரிந்து கிடந்தன. ரிதம் அண்ட் புளூஸுக்கு ஒரு விற்பனைப் பட்டியல், பாப் இசைக்கு இன்னொன்று. ஒரு கறுப்பினக் கலைஞர் சோல் இசையை வாசித்தால் அவருக்கென ஓரிடம் இருந்தது. பாப் டிலனின் பாடலைப் பேரோசையோடு மின்கிடாரில் உருமாற்றி வாசிப்பவரை எந்தப் பட்டியலில் வைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. 1966 கோடையில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், ‘கஃபே வா?’ என்ற சிறு விடுதியில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

அங்கே அவரைக் கண்டெடுத்தவர் சாஸ் சாண்ட்லர். ‘அனிமல்ஸ்’ என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பேஸ் கிடார் கலைஞரான அவர், அக்குழுவை விட்டு விலகி மேலாளராக முயன்றுகொண்டிருந்தார். எரிக் கிளாப்டனைச் சந்திக்க வைக்கிறேன் என்று அவர் ஹெண்ட்ரிக்ஸுக்கு வாக்களித்ததாகச் சொல்வார்கள். 1966 செப்டம்பர் 24 அன்று இருவரும் லண்டனில் இறங்கினர். வேலை தேடி வருபவர் என்ற சந்தேகம் எழாதிருக்க, ஹெண்ட்ரிக்ஸின் கிடாரை வேறொருவர் தூக்கி வந்தாராம். முதலில் கிடைத்தது ஏழு நாள் அனுமதி மட்டுமே.

அந்த ஏழு நாளுக்குள்ளேயே முதல் அதிசயம் நிகழ்ந்துவிட்டது. அக்டோபர் 1 அன்று ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக்கில் கிளாப்டனின் ‘கிரீம்’ குழு நிகழ்ச்சி நடத்தியது. சாண்ட்லர் கேட்டுக்கொள்ள, ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறி ஹவுலின் உல்ஃபின் ‘கில்லிங் ஃபுளோர்’ பாடலை வாசித்தார். மறுநாளிலிருந்து லண்டனின் கிடார் கலைஞர்கள் அனைவருக்கும் அவர்தான் பேச்சு. காரணம் இருந்தது: அந்த வெள்ளை இளைஞர்கள் புளூஸைக் கற்றதே அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுத்தான். தாம் தொலைவிலிருந்து வணங்கிய இசையின் ஊற்றிலிருந்தே ஒருவர் நேரில் வந்து நிற்பதாக அவர்கள் கண்டார்கள். சொந்த ஊரில் எந்தப் பட்டியலிலும் அடங்காதவருக்கு, அயல்நகரில் அந்தப் பட்டியல்களே குறுக்கே வரவில்லை.

குழு அமைந்த விதமும் பெரும்பாலும் தற்செயல்தான். நோயல் ரெட்டிங், எரிக் பர்டனின் புதிய ‘அனிமல்ஸ்’ குழுவில் கிடார் கலைஞராகச் சேர வந்தவர். அந்த இடம் நிரம்பிவிட்டது. பேஸ் வாசிக்கிறாயா என்றார்கள். அதுவரை பேஸ் கிடாரைத் தொட்டிராத அவர் சரியென்றார். டிரம்ஸுக்கு இருவர் போட்டியில் இருந்தனர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து மிட்ச் மிட்செலைத் தேர்ந்தார்கள் என்பது புகழ்பெற்ற கதை. ஜாஸ் ரசிகரான மிட்செல் தாளத்தைக் காத்துக்கொண்டு மட்டும் இருக்கமாட்டார். கிடாருடன் வாதம் செய்வார். ரெட்டிங் அடித்தளத்தை விட்டு நகரமாட்டார். நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் நாம் கேட்பது வேறு இசையாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

‘ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று பெயரிடப்பட்ட அந்த மூவர் குழு, அக்டோபர் 13 அன்று பிரான்சின் எவ்ரோ நகரில் ஜானி ஹாலிடேயின் நிகழ்ச்சியில் முதன்முதலாக மேடையேறியது. அவர் லண்டனில் கால்வைத்துப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதே மாதம் 23-ஆம் நாள் ‘ஹே ஜோ’ ஒலிப்பதிவானது. செலவுக்காகச் சாண்ட்லர் தம் பேஸ் கிடார்களை விற்றார். டிசம்பரில் வெளியான அந்த இசைத்தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாம் இடத்தை எட்டியது.

லண்டன் அவருக்குக் கருவிகளையும் தந்தது. மிட்செல் சிறுவயதில் வேலை பார்த்த இசைக்கருவிக் கடையின் உரிமையாளர் ஜிம் மார்ஷல். அவர் உருவாக்கிய பேரொலிப் பெருக்கிகளே ஹெண்ட்ரிக்ஸின் ஓசைக்கு உடலாயின. (ஹெண்ட்ரிக்ஸின் முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹெண்ட்ரிக்ஸ் என்பது வேடிக்கையான ஒற்றுமை.) பிரிட்டிஷ் கடற்படைத் துறையில் ஒலியியல் ஆய்வு செய்த ரோஜர் மேயர், சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கும் ‘ஆக்டேவியா’ கருவியைக் கொடுத்தார். ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாடலில் அதைக் கேட்கலாம்.

ஆனால், லண்டனை நிறவெறியற்ற சொர்க்கமாகச் சித்திரிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. 1964 பொதுத்தேர்தலில் ஸ்மெத்விக் தொகுதியில் குடியேறிகள் மீதான வெறுப்பே வாக்குகளாக அறுவடை செய்யப்பட்டது. 1965-இன் இனவுறவுச் சட்டம் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுத்தது. வீட்டுக்கும் வேலைக்கும் அந்தப் பாதுகாப்பு 1968 வரை வரவில்லை. ஹெண்ட்ரிக்ஸை ‘போர்னியோவின் காட்டுமனிதன்’ என்று பட்டப்பெயர் சூட்டி மகிழ்ந்தன பத்திரிகைகள். பற்களால் கிடார் மீட்டும் வித்தையைக் கைதட்டி வரவேற்ற கூட்டம், அவர் அமைதியாக நின்று வாசிக்க விரும்பியபோது முகம் சுளித்தது. அயலாருக்குக் கிடைக்கும் வரவேற்பில் வியப்பும் இளக்காரமும் கலந்தே இருந்தன.

1967 ஜூன் 18-இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே விழாவில் ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியபோது, அமெரிக்கா அவரைப் பிரிட்டனிலிருந்து வந்த புதுமையாகவே பார்த்தது. சொந்த நாட்டுக்குள் இறக்குமதியாக வேண்டியிருந்தது அவருக்கு. 1969 ஜூனில் ரெட்டிங் விலகக் குழு கலைந்தது. தமக்குரிய பங்குத்தொகைக்காக ரெட்டிங் பின்னர் நெடுங்காலம் போராட நேர்ந்தது.

இன்னொரு கணக்கும் தீராமல் இருந்தது. லண்டனுக்கு வருவதற்கு ஓராண்டு முன்பு, 1965 அக்டோபரில், நியூயார்க் தயாரிப்பாளர் ஒருவரிடம் ஒரு டாலரும் ஒரு விழுக்காடு உரிமத்தொகையும் பெறும் ஒப்பந்தத்தில் ஹெண்ட்ரிக்ஸ் கையெழுத்திட்டிருந்தார். அவர் புகழ்பெற்றதும் அந்தக் காகிதம் நீதிமன்றத்துக்கு வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள ஓர் ஆல்பத்தையே அவர் கொடுக்க வேண்டியிருந்தது. ராணுவ நண்பர் பில்லி காக்ஸையும் பட்டி மைல்ஸையும் சேர்த்துக்கொண்டு, 1970 புத்தாண்டு நாளில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்ததன் ஒலிப்பதிவே அந்த ஆல்பம். அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று, தம் 27-ஆம் வயதில், லண்டனில் அவர் இறந்தார்.