அழகுக் காருக்குக் காய்ச்சல்
ஜாகுவார் ஈ-டைப் சூடேறினால் ரேடியேட்டரைக் கழற்றும் முன் ஸ்விட்ச்சையும் எர்த்தையும் பாருங்கள்

நெடுஞ்சாலையில் ஓடும்வரை பிரச்சினை இல்லை. ஊருக்குள் நுழைந்து மூன்றாவது சிக்னலில் நின்றதும் வெப்பமானி முள் மெல்ல மேலேறுகிறது. சிறிது நேரத்தில் பானெட் ஓரத்தில் ஆவி. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. அடுத்து நடப்பதும் பழகியதுதான்: ரேடியேட்டரைக் கழற்றுகிறார்கள், வாட்டர் பம்ப்பை மாற்றுகிறார்கள், பர்ஸ் இளைக்கிறது. மறுவாரம் அதே சிக்னல், அதே ஆவி.

இந்த அவஸ்தைக்குப் பேர்போனது ஜாகுவார் ஈ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், 1970களின் நடுப்பகுதிவரை 72,000-க்கும் அதிகமாகத் தயாரானது. 1996ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் ஈ-டைப் ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஜாகுவார் நிறுவனமே 2008ல் டாடா மோட்டார்ஸ் வசமானது.

ஆனால் நீண்டு தாழ்ந்த அந்த மூக்கின் அழகுக்கு ஒரு விலை உண்டு. காற்று நுழைய முன்னால் இருப்பது சிறிய நீள்வட்ட வாய். அக்காலக் கார்கள் பலவற்றில் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றியது. ஈ-டைப்பில் அந்தப் பொறுப்பு மின்சார மோட்டாருடையது. கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது விசிறியை விட்டால் வேறு கதி இல்லை.

நோயைக் கண்டுபிடிக்கும் முதல் சூத்திரம் இதிலேயே இருக்கிறது. ஓடும்போதும் சூடேறினால் சந்தேகம் தண்ணீர்ப் பக்கம்: அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப். நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் விசிறியின் மின்சுற்றைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சுற்றில் மர்மம் ஏதுமில்லை. ஃபியூஸ், ஸ்விட்ச், மோட்டார், எர்த். ரேடியேட்டரோடு இணைந்த தனித் தொட்டியில் பொருத்தப்பட்ட ஸ்விட்ச், தண்ணீர் சுமார் 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் விசிறியை இயக்க வேண்டும். சோதிப்பது எளிது. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்விட்ச்சின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று சேருங்கள். விசிறி சுழன்றால் மோட்டார் நிரபராதி, குற்றவாளி ஸ்விட்ச். அதை மாற்றும் முன் எஞ்சின் ஆறியிருக்கும்போது தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது நல்லது. மட்டம் இறங்கிவிட்டால் ஸ்விட்ச் தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்; சூடு அதற்கு எப்படித் தெரியும்?

வயர்களைச் சேர்த்தும் விசிறி அசையவில்லையா? மோட்டார் முனையில் டெஸ்ட் லைட்டை வைக்க வேண்டும். அங்கே மின்சாரம் வந்தும் அசையாவிட்டால் மோட்டார் போயிருக்கலாம், அல்லது எர்த் விட்டுப்போயிருக்கலாம். இரண்டாவதுதான் பலரும் மறப்பது. புதுப்பித்த கார்களில் இது வேடிக்கையான விதத்தில் நேர்கிறது. பளபளக்கும் புதுப் பெயின்ட், எர்த் வயருக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரம் கடக்காத திரையாகிவிடுகிறது. அந்த இடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டினால் போதும்.

விசிறி சோம்பலாகச் சுற்றினால் அது ஓடும்போதே வோல்ட்டேஜை அளக்க வேண்டும். ஓடாதபோது 12 வோல்ட் காட்டும் வயர், பாரம் ஏறியதும் பல்லிளிக்கலாம். பாசி பிடித்த ஃபியூஸ் பிடிப்பும் களிம்பேறிய இணைப்புகளும் செய்யும் வேலை இது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தும் பார்க்கலாம். விசிறி காற்றை இழுத்தால் அது ஒட்டிக்கொள்ளும். பறந்து விலகினால், வயர்களை யாரோ மாற்றிச் செருகியதால் விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது.

சில சமயம் பொய் சொல்வது முள்தான். வெப்பமானிக்கும் பெட்ரோல் மீட்டருக்கும் சுமார் 10 வோல்ட்டைச் சீராகத் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் எர்த் போனால் பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் மீட்டர்களுக்குப் பாயும். வெப்பம் ஏறும்போது பெட்ரோலும் கூடுதலாகத் தெரிந்தால் எஞ்சின் மேல் பழி போடாதீர்கள்.

ஆனால் முள் பொய் சொல்கிறது என்று நீங்களாக முடிவு கட்டிவிடுவதும் ஆபத்து. ஈ-டைப்பின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அளவு மீறிக் கொதித்தால் கேஸ்கெட் போகும், ஹெட் வளையும். சின்ன ஸ்விட்ச் செய்யும் துரோகத்துக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். சோதனையின்போது எச்சரிக்கையும் தேவை: சூடான தொட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது, விசிறி எந்த நொடியும் சுழலலாம் என்பதால் விரலும் தொங்கும் துணியும் தள்ளியே இருக்க வேண்டும்.

உரிமையாளர்கள் பலர் இப்போது ரிலே ஒன்றைச் சேர்த்து ஸ்விட்ச்சின் பாரத்தைக் குறைக்கிறார்கள். சிலர் டாஷ்போர்டுக்குக் கீழே கையால் போடும் ஸ்விட்ச்சையும் மறைத்து வைக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கார் இருக்க வேண்டும் என்பவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அருங்காட்சியகத்தில் நிற்கும் ஈ-டைப்புக்கு விசிறி தேவையில்லைதான். சிக்னலில் நிற்கும் ஈ-டைப்புக்கு அதுவே உயிர்.