‘இன்னும் ரெண்டு பேர்தானே, ஏறிக்கோங்க!’: போட்டில் எத்தனை பேர் ஏறலாம், யார் கணக்கு போடுவது?

ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளம் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெப்பம் புதிதல்ல. பொதுவாக, காலி பேரல்களை வரிசையாகக் கட்டி மேலே பலகை அடித்தால் கோயில் தெப்பம். பேரலுக்குப் பதில் நீளமான அலுமினியக் குழாய்கள், பின்னால் ஒரு மோட்டார் என்று மாற்றினால், அதுதான் பான்டூன் போட். அகலமான தளம், ஆட்டம் குறைவு. அதனாலேயே ‘இது எவ்வளவு பேரையும் தாங்கும்’ என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

தாங்குமா? ஒரு கணக்கு போடலாம். 200 லிட்டர் பேரல் முழுசாக மூழ்கினால் 200 கிலோ தண்ணீரை விலக்கும். பேரலின் எடை 20 கிலோ போனால் மிச்சம் 180. பத்து பேரல் என்றால் 1,800 கிலோ. பலகை, கம்பி எல்லாம் 500 கிலோ என்று வைத்தால் மீதி 1,300. ஆளுக்கு 65 கிலோ வீதம் சரியாக 20 பேர். ஆனால் இருபதாவது ஆள் ஏறும்போது எல்லா பேரலும் தண்ணீருக்குள் போயிருக்கும், பலகை மேல் அலை ஏறும். அதில் பாதி, பத்து பேர், என்றால்தான் கொஞ்சம் நிம்மதி.

அந்தப் பத்து பேரும் ஒரே ஓரத்துக்கு ஓடினால்? அந்தப் பக்கத்து பேரல்கள் மூழ்கிவிடும். முழுசாக மூழ்கிய பேரலால் அதற்கு மேல் தூக்கிப் பிடிக்க முடியாது. எடை இன்னும் கூடினால் சாய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ராஜபாளையத்திலிருந்து லீவுக்குக் கிளம்பும் பலருக்குத் தேக்கடி தெரிந்த ஊர். அங்கே 2009 செப்டம்பர் 30 அன்று கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது பான்டூன் அல்ல, இரண்டடுக்குப் படகு. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்ததாகச் செய்திகள் வந்தன. மேல் தளத்தில் ஆள் கூடக்கூட எடை உயரத்துக்குப் போகிறது. சின்ன சாய்வே பெரிதாகும். 2023 மே 7 அன்று தானூரில் நடந்தது இன்னொரு ரகம்: மீன்பிடிப் படகை மாற்றிய சுற்றுலாப் படகு, அனுமதித்ததைவிட அதிகக் கூட்டம், 22 உயிர்கள்.

பான்டூனுக்கே ஓர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2004 மார்ச் 6, பால்டிமோர் துறைமுகம். ‘லேடி டி’ என்ற பான்டூன் வாட்டர் டாக்ஸி பலத்த காற்றில் கவிழ்ந்து 5 பேர் இறந்தார்கள். படகில் இருந்தது அனுமதிக்கப்பட்ட 25 பேர்தான், ஒருவர்கூட அதிகமில்லை! ஆனால் அந்த அனுமதி, ஆளுக்கு சராசரி 63.5 கிலோ என்ற பழைய கணக்கில் வந்தது. உண்மையில் ஏறியவர்களின் சராசரி சுமார் 76 கிலோ. பிறகு அமெரிக்கக் கடலோரக் காவல்படை, 2011 முதல் இந்த அளவை சுமார் 84 கிலோவாக உயர்த்தியது. நம்மூரில் ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால், இந்தத் திருத்தம் நமக்கும் பொருந்தும்.

ஆகவே படகில் எழுதியிருக்கும் ‘இத்தனை பேர்’ என்ற எண் மட்டும் போதாது. எடை வரம்பும் எழுதியிருந்தால், இரண்டில் எது முதலில் நிரம்புகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். பை, டீசல், ஐஸ் பெட்டி எல்லாம் எடைதான். ‘குழந்தைகளை மடியில வச்சுக்கோங்க’ என்று படகுக்காரர் சொன்னாலும் அந்தக் குழந்தைகளும் எண்ணிக்கையில் வர வேண்டும். படகு கிளம்புவதற்கு முன் எல்லோருக்கும், குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலேயே, லைஃப் ஜாக்கெட் கேட்கலாம். இல்லை என்றால் டிக்கெட் காசு போனாலும் இறங்கிவிடுவதே சரி.

பலரும் கவனிக்காத நேரம், கரை சேரும் நேரம். மொத்தக் கூட்டமும் எழுந்து முன்பக்கம் குவியும்; பான்டூனின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கும். கயிறு கட்டும்வரை உட்கார்ந்திருந்து, ஒவ்வொருவராக எழுந்தால் ரெண்டு நிமிஷம்தான் கூடுதலாகும்.