மழை சூடாகித் திரும்பும் இடம்

மார்கழி விடியலில் புதுச்சேரியில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைப் போட்டால், குழாயில் இரவெல்லாம் தேங்கியிருந்த தண்ணீர் முதலில் சில்லென்று வரும். சற்றுப் பொறுத்தால் கை வைத்த இடம் வெதுவெதுக்கும். பனி கொட்டும் நேரத்தில் அந்தக் குழாயடியை விட்டு நகர யாருக்கும் மனம் வராது. அடுப்பு மூட்டாமல் வந்த இந்தச் சூட்டைப் புரிந்துகொண்டால், கடலுக்கு அக்கரையில் திருகோணமலைக் கரையோரம் இருக்கும் கன்னியா வெந்நீரூற்றையும் பாதி புரிந்துகொண்ட மாதிரிதான்.

கன்னியா, திருகோணமலை நகரிலிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில், அனுராதபுரம் போகும் சாலையை ஒட்டிய ஊர். அங்கே ஏழு கிணறுகள் இருக்கின்றன. கிணறு என்றதும் ராட்டினமும் தாம்புக் கயிறும் நினைவுக்கு வரும். இவை சதுரமாகக் கட்டிய சிறு தொட்டிகள். எட்டிப் பார்த்தால் தரை தெரியும். உள்ளே இறங்கி நீந்த இடமில்லை, வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒரு கிணற்று நீர் உடம்புச் சூட்டோடு ஒத்துப்போகும். பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றில் முதல் வாளி விழுந்ததும் தோள் தானாகச் சுருங்கும். ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸிலிருந்து 41 வரை ஒவ்வொன்றிலும் சூடு சற்றே மாறுகிறது.

இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்ய நீர் தேடி, வாளால் தரையில் ஏழு இடங்களில் குத்த, ஏழு ஊற்றுகள் பொங்கின என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கதையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தமிழர்கள் இன்றும் இறந்தவர்களுக்கான கடன்களைச் செய்ய இங்கே வருகிறார்கள். ஆடி அமாவாசையில் கூட்டம் அதிகம். அருகில் பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் பௌத்த விகாரை கட்டும் முயற்சியை எதிர்த்து, 2019 ஜூலையில் தமிழர்கள் அங்கே திரண்டார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தாயை நினைத்து நீர் வார்க்கும் இடத்தை இழப்பது யாருக்கும் சின்ன விஷயமில்லை.

இனி சூட்டுக்கு வருவோம். வெந்நீரூற்று என்றால் பக்கத்தில் எரிமலை இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜப்பானிலும் ஐஸ்லாந்திலும் அது சரி. இலங்கையில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. அந்தத் தீவின் பெரும்பகுதி, நம் தென்னிந்தியாவைப் போலவே, பல கோடி ஆண்டுகள் பழைமையான கெட்டிப் பாறை.

பூமியின் தோலில் பத்துப் பதினைந்து மீட்டர் கீழே போனால் கோடையும் குளிரும் மறைந்துவிடும். ஆண்டு முழுக்க ஒரே சூடு. நம் கடற்கரைகளில் அது கிட்டத்தட்ட 28 டிகிரி. மார்கழி விடியலில் வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதால்தான் கிணற்று நீர் இதமாகப் படுகிறது. அதற்கும் கீழே இறங்கினால், பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை ஏறும். பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மெல்லச் சிதைவதால் எழும் சூடு ஒரு பங்கு, பூமி பிறந்தபோதே உள்ளே தங்கிவிட்ட சூடு இன்னொரு பங்கு. 200 மீட்டர் ஆழத்துக் கிணறு என்றால் ஐந்தாறு டிகிரி கூடுதல். கன்னியாவின் 41 டிகிரிக்குப் பதின்மூன்று டிகிரி கூட வேண்டும். அப்படியானால் அந்த நீர் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டராவது கீழே போய் வந்திருக்கிறது. வரும் வழியில் சூட்டை இழந்திருக்கும் என்பதால், உண்மையில் இன்னும் ஆழம் போயிருக்க வேண்டும்.

போனது யார்? மழைதான். மேட்டு நிலத்தில் விழுந்த மழையில் ஒரு பங்கு பாறை வெடிப்புகளுக்குள் கசிந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. சூடேறிய நீர் லேசாகிறது. பின்னால் வரும் குளிர்ந்த நீர் கனம். அந்தக் கனம் தள்ள, எங்கேனும் அகலமான வெடிப்பு அகப்பட்டால் மேலே பாய்கிறது. வெந்நீரூற்றின் உயிர்நாடி இந்தக் கடைசிக் கட்டம். இறங்கும்போது எவ்வளவு நிதானமோ, ஏறும்போது அவ்வளவு வேகம் வேண்டும். ஏறுவதும் நிதானமாக இருந்தால் சுற்றியுள்ள பாறை சூட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டுவிடும்.

மேலே வந்தது எவ்வளவு சூடான இடத்திலிருந்து என்பதை அந்த நீரே காட்டிக்கொடுக்கும். இந்த இயலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காப்பித்தூளில் ஊற்றிய நீர் எவ்வளவு கொதித்தது என்பது டிகாஷனின் திடத்தில் தெரிவதுபோல, பாறையின் சிலிக்கா சூடான நீரில் அதிகம் கரையும். நீர் விரைந்து ஏறி ஆறினாலும் கரைந்த சிலிக்கா உடனே படிந்துவிடாது. அதை அளந்தால் ஆழத்தின் சூட்டைக் கணக்கிடலாம். துளை போடாமலே பாதாளத்துக்கு வெப்பமானி வைக்கும் வித்தை.

அடுத்தடுத்த கிணறுகளில் சூடு ஏன் மாறுகிறது? வெடிப்பு வழியே ஏறும் வெந்நீரோடு மேல்மண்ணின் குளிர்ந்த நிலத்தடி நீர் வந்து கலக்கிறது. எங்கே எவ்வளவு கலக்கிறதோ அதற்கேற்ற பக்குவம். வளாவிய வெந்நீர் என்று நம் வீடுகளில் சொல்வதை ஏழு விதமாக மண்ணே செய்து வைத்திருக்கிறது.

இலங்கையின் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குத் தாழ்நிலங்களில், இரண்டு பெரும் பாறைத் தொகுதிகள் ஒன்றோடொன்று முட்டும் எல்லையை ஒட்டிக் கிடக்கின்றன. அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவில் நீர் 50 டிகிரியையும் தாண்டும். அங்கே வாளி எடுப்பதற்கு முன் விரலை விட்டுப் பார்ப்பது நல்லது. இந்தியாவிலும் கொங்கண் கரையில், வஜ்ரேஸ்வரி முதல் ராஜாபூர் வரை, கடலுக்கு இணையாக ஒரு வரிசை உண்டு. அங்கே பாறை எரிமலைக் குழம்பு உறைந்ததுதான்; ஆனால் உறைந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, அந்தச் சூடு எப்போதோ ஆறிப்போனது. அங்கும் ஆழமும் வெடிப்பும்தான் வேலை செய்கின்றன.

அப்படியானால் புதுச்சேரியில் ஏன் வெந்நீரூற்று இல்லை? இங்கும் நீர் தானாகப் பொங்கியதுண்டு. 1870களின் இறுதியில், பிரெஞ்சு ஆட்சியில் தோண்டிய ஆழ்துளைகளில் நீர் தன் அழுத்தத்தாலேயே தரைக்கு மேல் எழும்பியது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் அதை ஆராய்ந்து, சென்னைக்கும் இப்படி நீர் கிடைக்குமா என்று 1880இல் எழுதினார். திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கும் செம்மண் பூமியைப் போன்ற மேட்டு நிலங்களில் விழும் மழை, மணற்கல் அடுக்குக்குள் புகுந்து, களிமண் மூடிக்குக் கீழே கடலை நோக்கிச் சரிகிறது. ஆனால் மணற்கல்லில் நீர் துளைத் துளையாகக் கசிய வேண்டும். கன்னியாவின் வெடிப்புபோல விரைந்து மேலேறும் பாதை அதற்கு இல்லை. அழுத்தம் இருந்தது, ஆழத்திலிருந்து ஓடிவரும் வழி இல்லை. எடுத்தெடுத்து அந்த அழுத்தமும் போய்விட்டது. கரையோரக் கிணறுகளில் இப்போது உப்பு ஏறுகிறது.

கன்னியாவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு: காரைக்காலை அடுத்த நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. புறப்படும் நாட்களை விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணம், வவுனியா வழியாகத் திருகோணமலை. அங்குள்ள கோணேஸ்வரம் கோயிலைத் தரிசித்துவிட்டு, வெயில் ஏறுமுன் ஒரு துண்டோடு போய்ச் சேருங்கள். சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போனால், ஏழின் வித்தியாசமும் உடம்புக்குத் தெரியும்.