கல் மண்ணாகும் வகையும் மண் கல்லாகும் வகையும்

நாம் உழுது பயிரிடும் மண் ஒருகாலத்திற் கல்லாய் இருந்ததாகும். வன்னியிற் கிணறு வெட்டுவோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். மேலே வேரோடும் மண், அதன்கீழ்ச் சரளை, அதற்கும் கீழே அலவாங்கு பட்டதும் உதிரும் உக்கிய கல், அடியில், வெடிவைத்தாலன்றி உடையாத கருங்கல். உக்கிய கல்லே நாளடைவில் மண்ணாகின்றது.

கல் இவ்வாறு உக்குதலை வானிலையாலழிதல் என்பர். பகல் வெயிலில் விரிந்து இரவிற் சுருங்குவதாற் பாறையில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. மரவேர்கள் அவற்றுட் புகுந்து அகலப்படுத்துகின்றன. ஆயினும், வெப்பமும் மழையும் மிகுந்த நம் நாட்டிற் பெரும்பங்கு வேலையைச் செய்வது நீரே. மழைநீர் காற்றிலிருந்தும், மண்ணில் உக்கும் இலைகுழைகளிலிருந்தும் காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான அமிலமாகின்றது. கருங்கல்லிலுள்ள பெல்சுபார் என்னும் கனிப்பொருள் இவ்வமிலத்தாற் களியாக மாறுகின்றது. அதிலிருந்த பொற்றாசியம் சிறிது சிறிதாகப் பயிருக்குக் கிடைக்கின்றது. கரிய மைக்காவிலுள்ள இரும்பு துருவேறி மண்ணுக்குச் செந்நிறம் தருகின்றது. படிகக்கல் மட்டும் எளிதில் அழியாது மணலாய் எஞ்சும்.

ஓரங்குல மண் இவ்வாறு உண்டாக நூற்றாண்டுகள் செல்லும். காப்பில்லாத சரிவு நிலத்திலோ சில மாரிகளில் அது கழுவுண்டு போய்விடும். ஆதலாற் சரிவுக்குக் குறுக்காக உழுதலும், வரம்பு கட்டுதலும், நிலத்தை வெறுமையாக விடாதிருத்தலும் இன்றியமையாதன.

கருங்கல் தன்னுள் நீரைத் தேக்காது. உக்கிய படையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். ஆழமாக வெட்டினால் நீர் பெருகும் என்பது வன்னியில் எப்போதும் பலிப்பதில்லை. முன்னோர் மழைநீரைக் குளங்களிற் கட்டி வைத்தமை இந்நிலத்திற்கு ஏற்ற செயலேயாகும்.

கழுவுண்ட மணலும் சேறும் ஆற்றோடு சென்று தாழ்நிலத்தில் வண்டலாகவும், கடலடியிற் படைபடையாகவும் படிகின்றன. மேற்படைகளின் சுமையால் அழுத்துண்டு, நீரிற் கரைந்துள்ள சுண்ணம் முதலியவற்றாற் பிணைக்கப்பட்டு இறுகும்போது அவை அடையற்பாறை எனப்படும். ஆழங்குறைந்த கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் குவிந்து இறுகினாற் சுண்ணாம்புக்கல் உண்டாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பதும், மேற்குக் கரையோரமாகப் புத்தளம் பக்கம் வரை செல்வதும் இத்தகைய கல்லே. அது ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே உண்டானது. அதனை உடைத்துப் பார்த்தாற் சிப்பிகளின் அடையாளம் பலவிடங்களில் தெரியும்.

இக்கல்லை மழைநீர் கரைத்துத் துவாரங்களும் குகைகளும் ஆக்கிவிடுகின்றது. நிலாவரைக் கிணறு அவ்வாறு உண்டானதே. அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை நாம் மறக்கலாகாது. குடாநாட்டின் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. யந்திரத்தால் அளவின்றி இறைத்தால் உவர்நீர் மேலெழும்.

வேறொரு கேடும் உண்டு. செம்மண்ணூடாகவும் கல்லின் துவாரங்களூடாகவும் நீர் விரைந்து இறங்குவதால், பயிர் உட்கொள்ளாத நைதரசன் பசளை நைத்திரேற்றாகிக் கிணற்றை அடைகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது குடிநீருக்குரிய அளவை மீறி இருக்கக் காணப்பட்டுள்ளது. அத்தகைய நீரிற் பாற்கூழ் கரைத்துக் கொடுத்தாற் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைக் கொண்டு செல்லும் ஆற்றலை இழந்து உடல் நீலம்பாரிக்கும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுந்தோறும் அது செறியும். எனவே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் யூரியாவை ஒரேமுறையிற் கொட்டாது, பகுதி பகுதியாக இடுக. இட்டபின் மிகையாக நீர் பாய்ச்சற்க. எருக்குவியலும் மலகூடக் குழியும் கிணற்றிலிருந்து தொலைவில் இருத்தல் வேண்டும். பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்க்கும் பழைய வழக்கம் மண்ணுக்கு நீரையும் பசளையையும் பிடித்துவைக்கும் ஆற்றலைத் தரும். அதனைக் கைவிட்டோர் மீண்டும் தொடங்குதல் நன்று.

இனி, பாறைகள் நிலத்தின் மிக ஆழத்திற் புதையுண்டு, பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலே புதிய கனிப்பொருள்களாக மாறுவதும் உண்டு. அவை உருமாறிய பாறைகள். இலங்கை நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கின் அடியில் இருப்பவை இவையே. வன்னிக் கருங்கல்லும் இவ்வினத்ததே. சுண்ணாம்புக்கல் இவ்வாறு உருமாறினாற் பளிங்குக்கல்லாகும். அதிலிருந்த சிப்பியின் வடிவம் அழிந்துவிடும்.

கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் கிடைக்கும் இத்தகைய கல்லிற் கல்சியத்துடன் மகனீசியமும் சேர்ந்துள்ளது. அதனை அரைத்தெடுத்த தூளே கடைகளில் விற்கப்படும் தொலமைற்று. மலைநாட்டின் புளித்தன்மை மிகுந்த மரக்கறித் தோட்டங்களுக்கு அது பெரிதும் உதவும். சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கோ அது பெரும்பாலும் வீண்செலவு. வாங்குமுன் மண்ணைப் பரிசோதிப்பித்து, வேண்டிய அளவை அறிந்துகொள்க. தொலமைற்றையும் யூரியாவையும் ஒன்றாகக் கலந்து இடலாகாது. கலந்தால் நைதரசனின் ஒரு பங்கு அமோனியா வாயுவாகிக் காற்றோடு போகும். தொலமைற்றை முன்னதாக இட்டு மண்ணுடன் நன்கு கொத்திக் கலந்து, இரண்டு வாரமேனும் சென்றபின் யூரியாவை இடுக.