‘ஸ்டாப்’ என்னும் சொல்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவன் முதன்முதல் அறியும் வினைச்சொற்களுள் ‘ஸ்டாப்’ என்பது ஒன்று. ‘நில்’, ‘நிறுத்து’ என்பன அதன் பொருளென ஆசிரியர் கூறுவர். அவனும் அவ்வளவில் அமைவான். அது பிழையன்று, ஆயினும் அதுவே முதற்பொருள் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இச்சொல்லின் முதற்பொருள் அடைத்தல் என்பதாம். இதனை அறியாது மொழிபெயர்க்கப் புகுவார் இடர்ப்படும் இடங்கள் பலவாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராயத் துணிந்தோம்.

இலத்தீன் மொழியில் ‘ஸ்டுப்பா’ என்பது ஆளிச்செடியின் முரட்டு நாரைக் குறிக்கும். அந்நாரைத் திணித்துத் துளையை அடைத்தலினின்றே இச்சொல் பிறந்ததென்று சொல்லாராய்ச்சி வல்லார் பெரும்பாலோர் கொள்வர். மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரைச் செருகி நீர் புகாவண்ணம் செய்தலை நம் நாட்டுக் கடற்றுறைகளில் கலப்பற்று என வழங்குவர். ஏறக்குறைய அத்தொழிலே இச்சொல்லின் கருவில் உளது. ஜெர்மானிய மொழியில் இதன் இனச்சொல் இன்றும் திணித்தல், காலுறையின் கிழிசலை நூலால் அடைத்தல் முதலிய பொருள்களில் வழங்குகின்றது. ஓட்டையை அடைத்தால் ஒழுகும் நீர் நிற்கும். ஆகவே அடைத்தலின் பயனாகிய நிற்றல், 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இச்சொல்லுக்கு ஒரு பொருளாயிற்று. நம் இலக்கணத்தார் கூறும் ஆகுபெயரை இது நினைப்பூட்டும். அது பெயர்க்கே உரியதாதலின் முற்றும் ஒவ்வாது.

முதற்பொருளைக் காண விரும்புவார் 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தைப் புரட்டுவாராக. ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமின் ஊழியர் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் ‘ஸ்டாப்’ செய்தனர் என்று வருகின்றது. நிறுத்தலென்னும் பொருள் ஒன்றையே அறிந்தவன், கிணறு வெட்டும் வேலையை அவர்கள் தடுத்தார்கள் என்று எண்ணுவான். வேலையோ முன்னரே முடிந்தது. பெலிஸ்தர் செய்தது அதனினும் கொடிது. நீரூறும் கிணறுகளை மண்ணிட்டு மூடிவிட்டனர். வறண்ட நாட்டில், ஆடுமாடுகளை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு இது எத்தகைய கேடென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டிய வரலாறு அதன் பின்னரே வருகின்றது. சொல்லொன்று பிறழ உணரப்படின் அவன் உழைப்பின் அருமையும் மறைந்துபோம். சிங்கங்களின் வாய்க்கும், ஸ்தேவானின் சொல்லைக் கேட்கப் பொறாதார் செவிக்கும் இவ்வினையே வருகின்றது. ஆகாபின் தேரை மழை தடுக்குமென எலியா எச்சரிக்கும் இடம்போல விலக்காவன மிகச் சில. யோசுவாவின் நாளில் சூரியன் நின்றதைக் கூறுமிடத்து அந்நூலார் இச்சொல்லை ஆளாமல் வேறு சொல்லையே ஆண்டனர். 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்திலும் துரவுக்குத் தூர்த்தலும், வாய்க்கும் செவிக்கும் அடைத்தலும் வந்துள்ளன. தூர்த்தல் என்னும் ஒரு சொல்லில் மண்ணும் கிணறும் ஒருங்கே தோன்றுகின்றன. ஆங்கிலத்துக்கு இவ்வசதி இல்லை.

இது பழைய வழக்கன்றோ எனின், ஆலயத்து ஆர்கன் வாத்தியத்தைப் பார்க்க. இடைக்கால ஐரோப்பாவின் பேரார்கன்களில் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழாய்கள் அனைத்தும் ஒருசேர ஒலித்தன. பின்னர்ச் சில வரிசைகளுக்குக் காற்றுச் செல்லாதபடி அடைக்கும் கருவி அமைக்கப்பட்டது. அதுவே ‘ஸ்டாப்’ எனப் பெயர் பெற்றது. குமிழை வெளியே இழுத்தால் வரிசை ஒலிக்கும். உள்ளே தள்ளினால் அடங்கும். நம் ஆர்மோனியப் பெட்டியின் முன்புறத்துக் குமிழ்களும் இவ்வினத்தனவே. ஆகவே எல்லா ‘ஸ்டாப்’புகளையும் இழுத்துவிட்டான் என்று ஆங்கிலேயர் கூறின், அவன் யாவற்றையும் நிறுத்திவிட்டான் என்பது பொருளன்று, முழுவலிமையோடும் முயன்றான் என்பதே பொருள். இன்னும் ஒரு வியப்பு: மேல்வாய் அடைக்கப்பட்ட குழாயும் ‘ஸ்டாப்’ என்னும் அடைமொழி பெறும். அவ்வாறு அடைத்த நான்கடிக் குழாய், திறந்த எட்டடிக் குழாயின் சுரத்தைத் தரும். அடைத்ததனால் ஒலி நிற்பதில்லை, ஒரு ஸ்தாயி தாழ்கின்றது.

ஒலிநூலார் ப, த, க முதலியவற்றை இப்பெயரால் அழைப்பதும் இக்கருத்துப்பற்றியே. பகரத்தை ஒலிக்குங்கால் இதழ்கள் மூச்சை முற்ற அடைத்துத் திறக்கின்றன. இதழ் இயைதலைத் தொல்காப்பியர் பகர மகரங்களுக்குப் பொதுவாக வைத்தனர். மகரத்துக்கு மூக்குவழி திறந்திருத்தலின் அஃது இப்பெயர்க்கு உரியதன்று. தமிழில் இதனை அடைப்பொலி என்பது மிகப் பொருத்தமே.

பல்லின் குழியை அடைத்தல், காசோலைக்குப் பணம் கொடாவண்ணம் தடுத்தல் முதலியவை வெளிப்படை. புகைப்படக் கலையில் 1858ஆம் ஆண்டில் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் வெவ்வேறளவு துளையிட்ட தகடுகளை வில்லையினிடையே செருகும் முறையைக் கண்டார். தகடு வில்லையின் ஓரத்தை அடைத்து ஒளியைக் குறைக்கும். ஒரு ‘ஸ்டாப்’ குறைத்தலென்பது இன்று ஒளியைப் பாதியாக்குதலாம். நிற்றற்பொருளில் வருவன பேருந்து நிற்குமிடமும், வாக்கிய முடிவின் புள்ளியும். தந்தியில் அப்புள்ளியைச் சொல்லாகவே எழுதி வந்தனர். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்தியே ஒழிந்தது.

பேருந்துக்கு நிறுத்தம், வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி, பல்லுக்கும் ஒலிக்கும் அடைப்பு எனத் தமிழில் சொற்கள் வெவ்வேறாய் அமைந்துள்ளன. ஆர்கனின் குமிழுக்கு மட்டும் தக்க சொல் இன்னும் வழக்கில் வேரூன்றவில்லை. அதனை ‘நிறுத்தி’ என்று எழுதுவாரை யாம் ஒப்போம். வேறு நல்ல சொல் கிடைக்குமளவும் ‘ஸ்டாப்’ என்றே எழுதுதல் நேர்மையாம்.